எழும்பூர் மியூசியத்துக்கு சைக்கிளில்: வடசென்னைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து சைக்கிள் குழுப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போக, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைவிட நல்ல இடம் நகரத்துக்குள் இல்லை. ஆனால் அங்கே இருக்கிற 46 கூடங்களையும் ஒரே மூச்சில் காட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். 7 கிலோமீட்டர் மிதித்து வந்த கால்கள் நாலாவது கூடத்திலேயே உட்கார இடம் தேடும். அதன்பிறகு பார்த்த எதுவும் மனதில் நிற்காது, திமிங்கில எலும்புக்கூடு ஒன்றைத் தவிர. வெண்கலக் கூடம் ஒரு மணி நேரம், அமராவதிக் கூடம் அரை மணி நேரம், மிச்சம் இருந்தால் ஓவியம். இப்படிப் போனால்தான் வந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு.

நேரம் காலை 9.30 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி மூன்றுக்கும் மூடிவிடுவார்கள். பள்ளி விடுமுறை நாளாயிற்றே என்று இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிய கேட்டின் முன்னால் நிற்கிற குழுக்கள் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி அடையாள அட்டை வைத்திருக்கட்டும், மாணவர் கட்டணத்துக்கு அதைத்தான் கேட்பார்கள். படம் எடுக்கத் தனிக் கட்டணம். குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் அந்தச் சீட்டு வாங்கினால் போதும். எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றால் சிலையை யார் பார்ப்பது? 16 ஏக்கருக்கு மேல் பரந்த வளாகம், பழைய கட்டடங்கள். ஏதாவது ஒன்றில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருக்கலாம். எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி வழி. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர், திருவொற்றியூரிலிருந்து அதைப் போல இரண்டு மடங்கு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பிய நிலையம் ராயபுரம். கூடுகிற இடமாக அதை வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் தெரியும், நிற்க இடமும் கிடைக்கும். அங்கிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி, பழைய ஜெயில் ரோடு, மின்ட், வால்டாக்ஸ் ரோடு, சென்ட்ரல், ஈ.வெ.ரா. பெரியார் சாலை, காந்தி இர்வின் பாலம், எழும்பூர் ஸ்டேஷன், பாந்தியன் ரோடு. கடற்கரைப் பக்கமாக ராஜாஜி சாலையிலும் போகலாம். ஆனால் துறைமுகத்துக்குப் போகிற வருகிற வண்டிகளோடு பிள்ளைகளை விடுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

இந்த வழியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய ஜெயில் ரோட்டை ஒட்டிய மாடிப் பூங்கா, 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய நகர மதிலின் வடக்குப் பகுதியில் மிஞ்சியது. அந்த மதிலுக்கான செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள், நடக்கவில்லை. அந்த வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலையும் வரியையும் அரை மணி நேரத்துக்குள் சைக்கிளில் தொட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு, மியூசியத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அந்த நாள் தொடங்கிவிட்டது.

கிளம்பும் நேரம் ராயபுரத்திலிருந்து காலை 8 மணி. பதினைந்து பேர் சேர்ந்து போகும்போது மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. நடுவில் இரண்டு நிறுத்தம் சேர்த்தால் ஒன்பது மணி தாண்டிச் சேரலாம். திருவொற்றியூர்க் குழு ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும். ஞாயிறு காலை என்றால் வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் லாரிகள் குறைவு. வேலை நாளில் சாலையின் இரண்டு பக்கமும் லாரி நின்று, நடுவே கைவண்டி நுழைந்து, சைக்கிளுக்கு மிஞ்சுவது ஒரு முழம்தான்.

பதினைந்து பேரையும் ஒரே வரிசையாக விடக்கூடாது. நீளமான வரிசையைப் பஸ்ஸால் ஒரே முறையில் தாண்ட முடியாது, பாதியில் இடப்பக்கம் ஒடிக்கும். ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவில் முப்பது மீட்டர் விடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். பின்னால் வருகிறவரிடம் பம்ப்பும் பஞ்சர் சாமானும் இருக்க வேண்டும். முன்னால் போகிறவரிடம் இருந்து பயனில்லை, பஞ்சரான பிள்ளை எப்போதும் பின்தங்கித்தான் நிற்கும். விசில் ஒன்று என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நில், மூன்று என்றால் யாருக்கோ வண்டியில் கோளாறு. இதைக் கிளம்பும் முன் ரயில் நிலையத்து வாசலிலேயே ஒரு முறை ஊதிக் காட்டுங்கள்.

கன்டெய்னர் லாரி பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எண்ணூர், மணலி பக்கமிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த வண்டி பழக்கமானது, அதனாலேயே பயம் விட்டுப் போயிருக்கும். டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்பகுதி போன தடத்தில் பின்சக்கரங்கள் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடம் இருக்கிறதே என்று நுழைகிற சைக்கிள் அதில்தான் மாட்டும். அந்தப் பக்கம் டிரைவரின் கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. ஆகவே ஒரே விதி: நிற்கிற லாரியானாலும் அதன் இடப்பக்கம் நுழையாதே, பின்னால் நில்.

வால்டாக்ஸ் ரோடு முடிகிற சென்ட்ரல் சந்திப்பில் யாரும் மிதித்துக்கொண்டே திரும்ப வேண்டாம். இறங்கி, சிக்னல் விழுந்தபின், எல்லாரும் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு கடக்கட்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். அதன்பிறகு விக்டோரியா பப்ளிக் ஹால், 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை, ஈ.வெ.ரா. சாலையிலேயே 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்த கவின்கலைக் கல்லூரி என்று பார்த்துக்கொண்டே போகலாம். காந்தி இர்வின் பாலத்தின் ஏற்றம் சின்னதுதான். ஆனால் கியர் இல்லாத சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தால் வண்டி இரண்டு பக்கமும் ஆடும், பின்னால் வருகிற ஆட்டோவுக்குக் குறுக்கே போகும். மூச்சு வாங்குகிற பிள்ளை இறங்கித் தள்ளட்டும்.

பாதிப் பிள்ளைகளிடம் இருப்பது பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள். திடமான வண்டி, இந்தத் தூரத்துக்கு அது தாராளம். அதில் கோளாறு வருகிற இடம் பெரும்பாலும் டயர் கிடையாது, வால்வுக்குள் இருக்கிற வால் டியூப். சின்ன ரப்பர்க் குழாய், வெயிலில் நின்று நின்று வெடித்துப் போயிருக்கும். காற்றடித்தால் ராத்திரிக்குள் இறங்கிவிடும், பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை இருக்காது. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள், குமிழ் வந்தால் அதுதான். கடையில் சில ரூபாய்க்கு ஒரு முழம் வாங்கி வெட்டி வைத்துக்கொண்டால் குழு முழுவதற்கும் போதும். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை எல்லா வண்டிக்கும் காற்றடித்து வையுங்கள். மறுநாள் காலையில் கட்டை விரலால் அழுத்தி எது இறங்கியிருக்கிறதோ அதை மட்டும் பாருங்கள்.

மற்றபடி எடுத்துப் போக வேண்டியது: பம்ப் ஒன்று, டயர் கழற்றும் லீவர் இரண்டு, சொல்யூஷன், ஒட்டு, உப்புத்தாள், பின் சக்கர நட்டுக்குச் சேர்கிற 14–15 ஸ்பேனர், பிரேக் கட்டை இரண்டு. சாலையோரத்தில் பஞ்சர் போட உட்காரும் முன் டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இந்தப் பக்கத்துச் சாலைகளில் குத்துவது முள்ளைவிடக் கட்டுக்கம்பித் துண்டுதான். அதை எடுக்காமல் ஒட்டுப் போட்டு மாட்டினால் நூறு மீட்டரில் மறுபடியும் இறங்கும். உப்புத்தாளால் தேய்த்த இடத்தில் சொல்யூஷன் தடவி, அது ஒட்டாமல் காய்கிற வரை மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் உரிந்து வரும். போக்ஸ் கம்பி உடைந்தது, ரிம் வளைந்தது என்றால் அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு மீன்பாடி வண்டியோ, ‘குட்டி யானை’ என்கிற சின்ன லோடு வண்டியோ பிடித்து ஏற்றி அனுப்பிவிடுங்கள். அதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும்.

மியூசியத்தில் சைக்கிளை எங்கே விடுவது என்று வாசல் காவலரிடம் கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் விடுங்கள். நான்கைந்து வண்டிகளைப் பின்சக்கரத்தோடு சேர்த்து ஒரே நீளச் சங்கிலியில் கோத்துப் பூட்டினால் ஒன்றை மட்டும் கிளப்பிக்கொண்டு போக முடியாது. நிழலில் விட முடிந்தால் விடுங்கள். மதியம் வரை வெயிலில் நின்ற டயரில் காற்று விரியும், பழைய ஒட்டு கிளம்பும்.

வந்ததும் உள்ளே ஓடக்கூடாது. மர நிழலில் இருபது நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முகம் கழுவி, வேர்வை அடங்கட்டும். சொகுசுக்காகச் சொல்லவில்லை. வேர்வையில் உப்பு இருக்கிறது. அதில் உள்ள குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் வெண்கலத்தில் பச்சையாகப் பொடி பூக்கும், உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். இந்த நோயை ஆராய்ந்து குணப்படுத்தவே இந்த அருங்காட்சியகத்தில் 1930இலேயே ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைத்தார்கள். தொடாதே என்று சொல்வதைவிட, ஏன் தொடக்கூடாது என்று இதைச் சொல்லுங்கள். காசிமேட்டில் போல்ட்டும் சங்கிலியும் உப்புக் காற்றில் என்ன ஆகிறது என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே வாக்கியத்தில் புரியும்.

வெண்கலக் கூடம்தான் இந்தப் பயணத்தின் உயிர். உள்ளே கூட்டிப் போகும் முன் வெளியில் வைத்தே மெழுகு வார்ப்பைச் சொல்லிவிடுங்கள், உள்ளே பேச்சு எதிரொலிக்கும். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருக்கிச் சிலையை முதலில் மெழுகில் செய்வார்கள். நகம் முதல் நகை வரை எல்லா வேலையும் அதிலேயே. அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, காயவிட்டு, மேலே மேலே முரட்டு மண் அப்புவார்கள். சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் போகும். மெழுகின் எடையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும், ஆகவே மெழுகை நிறுத்தால் உலோகக் கணக்கு வந்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி அச்சு வெடிக்கும். காற்றுப் போக வழி விடாவிட்டால் உள்ளே குமிழ் நிற்கும், விரல் நுனியில் உலோகம் போய்ச் சேராது. கடைசியில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான், அதே அச்சில் இரண்டாவது கிடையாது. லேத் பட்டறையும் வெல்டிங் கடையும் இருக்கிற தெருவிலிருந்து வருகிற பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் இங்கேதான் கூர்மையாக இருக்கும். வழிகாட்டியாகப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பெயர்ப் பலகையில் பெயரும் ஊரும் நூற்றாண்டும் இருக்கும், வேலை எப்படி நடந்தது என்பது நாம் சொன்னால்தான் உண்டு.

உள்ளே போனதும் முகத்தைப் பார்க்கும் முன் பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் துளைகளும் வளையங்களும் இருக்கும். கழி கோத்துத் தோளில் தூக்க, கயிறு கட்ட ஏற்பட்டவை அவை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் திருவிழாவில் பட்டும் மாலையும் மூடி வருகிற உற்சவரைப் பார்த்த பிள்ளைக்கு, அந்தத் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இங்கேதான் முதல் தடவையாகத் தெரியும். இடுப்பின் வளைவு, முழங்கால் மடிப்பு, முதுகில் விழுகிற முடி. தெருவில் யார் கண்ணுக்கும் படாத முதுகுக்கும் சிற்பி அதே உழைப்பைப் போட்டிருக்கிறார். சுற்றி வந்து பார்க்க வழி இருக்கிற சிலைகளைக் கட்டாயம் பின்பக்கமும் பாருங்கள்.

நேரம் ஒதுக்க வேண்டியவை இரண்டு. திருவாலங்காட்டு நடராஜர் ஒன்று. அரக்கோணம் போகிற லோக்கல் ரயில் பாதையில் இருக்கிற ஊர்தான் திருவாலங்காடு. வழக்கமாகச் சுற்றிலும் இருக்கிற சுடர் வளையமான திருவாசி இந்தச் சிலையில் இல்லை. அதனால் வலக்கால் ஒன்றே உடம்பு முழுவதையும் தாங்குவது கண்ணுக்கு அப்படியே தெரியும். அந்த முழங்கால் நேராக இல்லை, மடிந்திருக்கிறது. சைக்கிளில் நிதானம் தெரிந்த பிள்ளைகளிடம் அந்த மடிப்பைக் காட்டுங்கள், பிறகு வெளியே புல்தரையில் ஒரு காலில் அப்படி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்கும். சென்னை அருங்காட்சியக நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோதென் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். நேரில் பார்க்கிற வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு 7 கிலோமீட்டரில் இருக்கிறது.

இன்னொன்று திருவெண்காட்டு அர்த்தநாரி, 11ஆம் நூற்றாண்டு. கைகளை எண்ணச் சொல்லுங்கள். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று, மொத்தம் மூன்று. சிவன் பக்கத்து உடை தொடையோடு நிற்கும், உமை பக்கத்து உடை கணுக்கால் வரை இறங்கும். இரண்டு உடம்பு சேர்கிற இடத்தில் கோடு தெரிகிறதா என்று தேடுவார்கள், கிடைக்காது. சிவனின் முன்கை எதன் மேலோ சாய்ந்ததைப் போல மடிந்து நிற்கும். பக்கத்தில் இருந்த காளை இப்போது இல்லை. அங்கே எது நின்றிருக்கும் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

அமராவதிக் கூடத்தில் இருப்பது சலவைக் கல் போலத் தெரிகிற சுண்ணாம்புக் கல், ஆந்திரத்துப் பல்நாட்டிலிருந்து வந்தது. குண்டூர்ப் பக்கத்துப் பௌத்த ஸ்தூபத்தின் கற்கள். 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்ததில் ஒரு பகுதி 1859இல் லண்டனுக்குப் போய் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இங்கே நளகிரி யானையின் வட்டச் சிற்பத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரே வட்டத்துக்குள் இரண்டு நேரம்: ஒரு பக்கம் மதம் பிடித்து மனிதர்களைத் தூக்கி எறிகிற யானை, மறுபக்கம் அதே யானை புத்தரின் முன் மண்டியிடுகிறது. மேலே சாளரங்களில் எட்டிப் பார்க்கிற முகங்களில் பயத்தின் அளவு ஒவ்வொன்றிலும் வேறு. இதற்குமேல் இந்தக் கூடத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், பார்க்க விடுங்கள்.

ஓவியத்துக்கு நேரம் இருந்தால் ரவி வர்மாவும் தஞ்சாவூர் ஓவியங்களும். இல்லையென்றால் 1909இல் திறந்த தேசியக் கலைக்கூடக் கட்டடத்தை வெளியில் நின்று பார்த்தாலே போதும். ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. காலையில் வழியில் பார்த்த விக்டோரியா ஹாலும் அவர் கட்டியதுதான். வளாகத்திலேயே இருக்கிற கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறு செய்கின்றன. பன்னிரண்டு மணிக்குப் பார்த்து முடித்து அப்படியே கிளம்பினால், ஈ.வெ.ரா. சாலைத் தாரின் சூட்டில் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து கட்டி வந்த எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு எதுவானாலும் கூடங்களுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு, இலையையும் காகிதத்தையும் ஒரே பையில் கட்டி எடுத்துக்கொண்டு, மூன்றரை மணிக்குக் கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கணக்கு. ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்ற மாதங்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்ணீர் தேங்கும், தண்ணீருக்கடியில் பள்ளம் தெரியாது. முந்தின ராத்திரி பெய்திருந்தால் தள்ளிப் போடுங்கள்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வழி சரிப்படாது. அவர்களை ரயிலில் எழும்பூர் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தால், அங்கிருந்து மியூசியம் நடக்கிற தூரம்தான். மற்றவர்கள் கிளம்பும் முன் பூட்டைத் திறந்ததும் ஒவ்வொரு டயரையும் மறுபடி அழுத்திப் பாருங்கள், ஆளை எண்ணுங்கள். சென்ட்ரலில் கடந்தபின் ஒரு தடவை, மின்டில் ஒரு தடவை எண்ணுங்கள். ராயபுரத்தில் கலையும்போது, தனியாக வீடு போகிற பிள்ளை யார், அதன் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். மாலை ஆறு மணிக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர்கள் மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கும்.